நெருப்பு மூட்டிக் குளிர் வாங்குதல்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில், பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் வாழும் முதிய ஃபிட்டர் ஒருவருக்குச் சென்ற சனவரியில் ஒரு பிற்பகல் மூன்றரை மணிக்கு மகனிடமிருந்து அழைப்பு வந்தது. மகன் பிழைக்கச் சென்றதும் ஒரு தங்கச் சுரங்க ஊருக்கே. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிக்கு. விடுமுறைக்காகக் குடும்பத்துடன் பயண வண்டியொன்றைக் காரின் பின்னே இழுத்துக்கொண்டு புறப்பட்டவன், ஊருக்கு வெளியே மின்னிணைப்பில்லாத திடலொன்றில் நின்றிருந்தான். வண்டியின் எரிவாயுக் குளிர்பெட்டி பற்றிக்கொள்ள மறுத்தது. வெளியே நாற்பது பாகை வெயில். பெட்டிக்குள் இருந்தது ஒன்பது வயதுப் பேத்தியின் இன்சுலின். பனிக்கட்டியில் புதைக்கலாம் என்றால், உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது.

சுரங்கத்தில் அழுத்தக்காற்று இயந்திரங்களைப் பேணியவர் அம்முதியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று, விடுதிகளில் பழுதுபார்க்கும் வேலை செய்தார். விடுதி அறைகளில் ஓசையே எழுப்பாத சிறு குளிர்பெட்டிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மோட்டார் இல்லை, சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. பின்புறக் குழாயைச் சூடாக்கினால் நீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகி மேலெழும். பிறகு குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். 1922இல் ஸ்டாக்ஹோமில் இதை உருவாக்கிய பிளாட்டனும் முண்டர்ஸும் அப்போது மாணவர்கள். (ஆய்வேட்டை முடிக்காதோர் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.) விடுதிப் பெட்டியில் மின்கம்பி செய்யும் வேலையை வண்டிப் பெட்டியில் ஒரு சிறு சுடர் செய்கிறது. அந்தச் சுடரை மட்டும் முதியவர் கண்டதில்லை.

சூட்டைக் கொண்டு குளிரைப் பெறுவது அவருக்கு விந்தையாகவும் இல்லை. பாறையே 60 பாகைக்கு மேல் கொதித்த, மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃபுக்குக் குளிரூட்டிய காற்றை மேலிருந்து இறக்கிய ஊர் அது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தொடர்பு வலுவிழந்து படம் நின்றுபோக, குரல் மட்டும் எஞ்சியது.

“நைனா, இதுதான் பத்த மாட்டேங்குது.”

“எது?”

“இதோ, இதுக்குக் கீழ இருக்கறது.”

சுட்டுச்சொற்களைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதினாலும் இந்த மூன்று வரிகளின் தெளிவு அவற்றுக்கு வாய்க்காது. கண்முன் உள்ளவரை ‘இது’ என்பது மிகத் துல்லியமான சொல். கண் மறைந்ததும் அதில் பொருளே இல்லை. மகனுக்கு உறுப்புகளின் தமிழ்ப் பெயர்கள் தெரியாது. தந்தைக்குக் கையேட்டின் ஆங்கிலப் பெயர்கள் தெரியாது. நாற்பதாண்டுகள் கையாலேயே செய்துவந்த தொழிலை அவர் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. ‘இதப் பிடி, அதத் திருப்பு’ என்பதற்கு மேல் பட்டறையில் தேவைப்பட்டதும் இல்லை.

எனவே பெயரிடும் வேலை முதலில் நடந்தது. நீளவாக்கில் கீறல்கள் கொண்ட பர்னர், ‘புல்லாங்குழல்’ ஆயிற்று. அதன்மேல் நிமிர்ந்து நின்ற குழாய், ‘நம்ம வீட்டுப் புகைக்கூண்டு’. சுடரை உணரும் செம்புக் கம்பி, ‘காவக்காரன்’.

பின்பு அவர் கைபேசியைப் புல்லாங்குழலருகே வைக்கச் சொல்லிக் கேட்டார். பொறி தட்டும் ஓசை சீராக வந்தது. ஆகவே பொறியில் பழுதில்லை. வாயு வரும் மெல்லிய சீறலும் கேட்டது. திடீரென ‘டப்’பென்று வெடித்தெழுந்த சுடர், உடனே அணைந்தது.

“மூடு! சிலிண்டரை மூடு!”

பூமிக்கடியில் பாறை வெடித்துச் சிதறுவதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று வழங்கிய ஊரில் அவ்வோசையைப் பொறுப்பது எளிதன்று. தேங்கிய வாயு கலையும்வரை ஐந்து நிமிடம் எதையும் தொடக்கூடாது என்றார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

ஐந்து நிமிடம் இருவரும் பேச வேண்டியதாயிற்று. மாதந்தோறும் பணம் வந்ததா, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் அவர்கள் பேசி நெடுநாளாயிற்று. சுரங்கம் மூடியபோது பள்ளியில் படித்த மகன், உன் தொழில் இனி எதற்கு உதவும் என்று ஒருமுறை கேட்டிருந்தான். இருவரும் அதை மறக்கவில்லை.

“சங்கு ஊதுதா இப்ப, நைனா?”

“அது நின்னு எத்தன வருசம்.”

சிறிது நேரம் கழித்து, “எனக்கு இன்னும் அந்த நேரத்துக்குத்தான் முழிப்பு வருது” என்றான் மகன். அவனும் ஷிப்டுக்குப் போகிறவன்.

எரிவாயு இணைப்புகளை உரிமம் பெற்றவரே தொடலாம் என்பது அங்குள்ள சட்டம். மரை எதையும் கழற்ற வேண்டாம் என்றார் தந்தை. புகைக்கூண்டை மரக்கைப்பிடியால் தட்டச் சொன்னார்; துருச் செதில்கள் உதிர்ந்தன. அவைதான் முன்பே புல்லாங்குழலின் கீறல்களை அடைத்திருந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்து, மிதிவண்டிப் பம்பால் ஊதினான். பிறகு குமிழை அழுத்திப் பொறி தட்டினான்.

“பத்திச்சு.”

“கைய எடுக்காத. காவக்காரன் சூடாகணும். முப்பது எண்ணு.”

மகன் எண்ணினான், தமிழில். இருபதுக்குப் பின் சற்றுத் தடுமாறினான். கையை எடுத்தபின்னும் சுடர் நின்றது.

“என்ன நிறம்?”

“நீலம். நுனியில கொஞ்சம் மஞ்சள்.”

மஞ்சள் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஊரில் உரிமக்காரரிடம் காட்டும்படி இருமுறை சொன்னார். வண்டி சமமாக நிற்கிறதா என்று ஒரு தம்ளர் நீரை வைத்துப் பார்க்கவும் சொன்னார். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது. இவ்வகைப் பெட்டி குளிரப் பல மணி நேரமாகும். அதுவரை இன்சுலினை ஈரத்துணியில் சுற்றி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்தார்கள்.

இரவு பத்தரைக்கு ஒரு படம் வந்தது. வெப்பமானி 7 பாகை காட்டியது. அங்கே நள்ளிரவு கடந்து ஒரு மணி. பேத்தி விழித்திருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அழைத்து, சுடரின் நிறத்தை மறுபடி கேட்டார்.