குளிர் தேசத்தில் ஒரு பேட்டரிப் பிரச்சினை

லடாக் போகிறவர்கள் லென்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது கேமராவின் வயிற்றில் இருக்கும் பேட்டரியைப் பற்றி.

லே கடைவீதியில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் மூன்று பொருள்கள் கண்ணில் படும். நூடுல்ஸ் பாக்கெட், உலர்ந்த ஆப்ரிகாட், அட்டையில் வரிசையாகத் தொங்கும் 'பென்சில் செல்'. தமிழ்நாட்டில் சின்ன பேட்டரிக் கட்டை என்று கேட்டு வாங்கும் அதே ஏஏ அளவு செல்தான். சுவர்க் கடிகாரம், டார்ச், ரேடியோ, டிவி ரிமோட் என்று லடாக்கின் பாதி வாழ்க்கை இதில் ஓடுகிறது.

ஆனால் தோளில் தொங்கும் கேமராவைக் காட்டி, இதற்கு ஒரு பேட்டரி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கேமராவையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். லேயில் விரல்விட்டு எண்ணக்கூடிய புகைப்படக் கடைகள் உண்டு. அங்கே உங்கள் மாடலுக்கான பேட்டரி கிடைத்தால் அதிர்ஷ்டம். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரைத் தாண்டிவிட்டால் அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. டெல்லியில் விமானம் ஏறுவதற்கு முன் சாந்தினி சௌக்கின் கேமரா சந்தையில் வாங்கியிருக்க வேண்டும்.

கேமராவுக்கு இரண்டே வகைச் சாப்பாடு. ஒன்று, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பொது அளவு செல். இதன் நீள அகலத்தை 1947-லேயே அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்துவிட்டது. இன்னொன்று, ஒரு கம்பெனி தன் கேமராவுக்கு மட்டும் பொருந்தும்படி செய்யும் லித்தியம் அயான் பேட்டரி. முதலாவது ஊர்ப் பொதுக்கிணறு. இரண்டாவது வீட்டுக்குள் இருக்கும் கிணறு. தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் வற்றினால் பக்கத்து வீட்டில் கேட்க முடியாது.

பிலிம் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நிக்கான் எஃப்எம்-2 போன்ற கேமராக்களில் ஷட்டர் ஸ்பிரிங்கில் இயங்கியது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும் இரண்டு பட்டன் செல்கள். அவை செத்தாலும் கையனுபவத்தை நம்பிப் படம் எடுக்கலாம். டிஜிட்டல் கேமரா அப்படியல்ல. உணரி, திரை, ஃபோகஸ், பதிவு என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் லட்ச ரூபாய்க் கருவியும் கல்தான்.

டிஜிட்டல் யுகத்தின் ஆரம்பத்தில் பொதுக்கிணறு கட்சிதான் பலமாக இருந்தது. 1999-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 நான்கு ஏஏ செல்களில் ஓடியது. கேனானின் பவர்ஷாட் ஏ வரிசை அதே வழியில் போய்ப் பல வீடுகளின் முதல் டிஜிட்டல் கேமரா ஆனது. லென்ஸ் மாற்றும் கேமராக்களிலும் பென்டாக்ஸ் கே100டி (2006), கே-எக்ஸ் (2009) ஆகியவை ஏஏ செல்களையே நம்பின. மலையேறுபவர்களிடம் இவற்றுக்குத் தனி மரியாதை இருந்தது.

அதற்கு நியாயம் இருந்தது. அன்றைய லடாக்கில் மின்சாரம் என்பது மாலையில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தாளி. சிறு நீர்மின் நிலையங்களும் டீசல் ஜெனரேட்டர்களும் சில மணி நேரம் விளக்கெரிய வைக்கும். அந்த நேரத்துக்குள் சார்ஜர் செருக விடுதியில் வரிசை நிற்கும். இரண்டு ஜோடி செல் வைத்திருந்தவர் கவலையில்லாமல் தூங்கினார்.

பிறகு காட்சி மாறியது. 2014 ஆகஸ்டில் சிந்து நதி மீது 45 மெகாவாட் நிம்மூ-பாஸ்கோ மின் நிலையமும் கார்கில் பக்கம் 44 மெகாவாட் சுட்டக் நிலையமும் திறக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்-லே 220 கிலோவோல்ட் மின்பாதை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. லடாக் தேசிய மின் தொகுப்போடு இணைந்தது. லே விடுதிகளில் இன்று இரவு முழுவதும் சார்ஜ் போடலாம். தொலைவுக் கிராமங்களின் கூரைகளில் சோலார் பலகைகள். பேட்டரி விவாதத்தில் பாதியை மின்வாரியம் தீர்த்துவைத்துவிட்டது என்பது மிகையல்ல.

மீதிப் பாதியை முடிவு செய்வது குளிர்.

ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறவர்களின் நோக்கம் ஒன்றுதான்: லடாக்கி மொழியில் 'ஷான்' எனப்படும் பனிச்சிறுத்தை. 2024 ஜனவரியில் வெளியான நாட்டின் முதல் விரிவான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பவை 718. அவற்றில் 477 லடாக்கில். ரும்பக்கின் குடும்பங்கள் முறை வைத்து விருந்தினர்களை ஏற்கின்றன. சிறுத்தை அடித்துப்போடும் ஆடுகளால் வரும் நஷ்டத்தை, அதே சிறுத்தையைப் பார்க்க வருகிறவர்களின் பணம் ஈடுகட்டுகிறது. ஆகவே இங்கே ஒரு படம் என்பது வெறும் படம் அல்ல. போனவர் ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடம் காட்டினால்தான் அடுத்த பருவத்தில் 'அமா-லே'யின் அடுப்படிக்கு ஆள் வரும்.

காலை ஏழு மணிக்குப் பாறை முகட்டில் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டு வழிகாட்டிகள் எதிர் மலையை அங்குலம் அங்குலமாகத் தேடுகிறார்கள். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. ஐந்து நாள் காத்திருப்பு, ஐந்து நிமிட தரிசனம் என்பதுதான் இங்கே சாதாரணக் கணக்கு. நான் அங்கிருந்த காலையில் நீலச் செம்மறிகள் திடீரென்று தலை தூக்கின. சற்று மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வால் அசைந்தது. பக்கத்தில் இருந்தவர் ராத்திரி முழுவதும் சார்ஜ் போட்ட பேட்டரியோடுதான் வந்திருந்தார். கேமராவைத் தூக்கினார், திரையில் சிவப்பு அடையாளம், அணைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் அதற்கு உயிர் வந்தது. அதற்குள் ஷான் முகட்டைத் தாண்டிவிட்டது.

பேட்டரி ஏமாற்றவில்லை. எந்த பேட்டரியிலும் மின்சாரம் என்பது ரசாயன வினை. குளிரில் வினை மந்தமாகிறது, உள்தடை கூடுகிறது, கேமரா கேட்கும் வேகத்தில் மின்னோட்டம் வராமல் வோல்டேஜ் சரிகிறது. தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது தீரவில்லை, உறைந்துபோய்க் கிடக்கிறது. கடுங்குளிரில் லித்தியம் அயான் பேட்டரியின் திறன் பாதியாகக்கூடக் குறையலாம். சூடு கண்டால் பெரும்பகுதி திரும்பி வரும்.

அப்படியானால் பென்சில் செல் மேலா? எந்தப் பென்சில் செல் என்று கேட்க வேண்டும். கடையில் தொங்கும் மலிவான துத்தநாக-கார்பன் செல் கடிகாரத்துக்குச் சரி. டிஜிட்டல் கேமராவில் போட்டால் சில படங்களிலேயே மூச்சு வாங்கும். ஆல்கலைன் செல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது நீர் கலந்த கரைசல். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் அதை நம்ப முடியாது. திரும்பத் திரும்ப சார்ஜ் போடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் கேமராவுக்கு உகந்தது. சும்மா இருந்தாலே வடிந்துவிடும் அதன் பழைய கெட்ட குணத்தை, 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வகை பெருமளவு போக்கியது. குளிருக்கென்றே பிறந்தது நான்காவது வகை: ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ. ஆல்கலைனைவிட எடை குறைவு. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை வேலை செய்யும். விலைதான் கடிக்கும். லே மளிகைக் கடையில் இதைத் தேட வேண்டாம்.

எடைக் கணக்கையும் பார்க்க வேண்டும். சார்ஜ் போடும் நான்கு ஏஏ செல்கள் 100 கிராமுக்கு மேல் எடையுள்ளவை, சுமார் 9.6 வாட் ஹவர் மின்சாரம் தரும். 2008-ல் வந்த கேனான் எல்பி-இ6 பேட்டரி சுமார் 80 கிராம். 13 வாட் ஹவர். அதிகத் திறன், குறைந்த எடை, சிறிய கேமரா. சந்தையில் பொதுக்கிணறு கட்சி தோற்றதற்குக் காரணம் இதுதான். இன்று விற்பனைக்கு வரும் முக்கியமான புதிய கேமராக்கள் ஏறக்குறைய எல்லாமே சொந்த பேட்டரிக்காரர்கள்.

ஏஏ செல் மலையை விட்டு ஓடிவிடவும் இல்லை. ஃபிளாஷ், தலை விளக்கு, ரிமோட் எல்லாம் இன்னமும் அதில்தான். காட்டில் ஆளில்லாமல் நின்று படமெடுக்கும் தானியங்கி கேமராக்கள் பெரும்பாலும் எட்டோ பன்னிரண்டோ ஏஏ செல்களில் மாதக்கணக்கில் விழித்திருக்கின்றன. பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்ட இடங்கள் 1,971. தனித்தனியாக அடையாளம் காணப்பட்ட சிறுத்தைகள் 241.

லேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தென்கிழக்கே, சீன எல்லைக்கு அருகில் இருக்கும் ஹன்லேயில் கதை வேறு. 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் ஆய்வுக்கூடம். அதைச் சுற்றி 22 கிலோமீட்டர் 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டு மடாலயத்துக்கு மேலே பால்வெளி வளைந்து கிடக்கும் காட்சியைப் படமெடுக்க நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். இங்கே கேமரா ஐந்து நிமிடம் விழித்தால் போதாது. இரவு முழுவதும் விழிக்க வேண்டும். ஷட்டர் மணிக்கணக்கில் திறந்து மூட, பேட்டரி கரைகிறது. நடுவில் பேட்டரி மாற்றினால் முக்காலி அசைந்து நட்சத்திரக் கோடுகள் உடைந்துபோகும்.

இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒருவர் வென்றதை ஹன்லேயில் பார்க்கலாம். முக்காலியின் காலில் கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கட்டிய பவர் பேங்க். அதிலிருந்து கேமராவுக்கு ஒரு டைப்-சி கேபிள். புதிய கேமராக்களில் பல இப்படி வெளியிலிருந்து வரும் மின்சாரத்திலேயே ஓடுகின்றன. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் டிஜிட்டல் கேமராக்களுக்கு டைப்-சி துளை கட்டாயம். பேட்டரியின் வடிவம் பொதுவாகவில்லை. அதை நிரப்பும் குழாய் பொதுவாகிவிட்டது. செல்போனுக்கு வைத்திருக்கும் சார்ஜரே கேமராவுக்கும் போதும் என்பது மலைப் பயணிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பையில் நாலு சார்ஜர் சுமந்தவர்தான் அறிவார்.

சொந்த பேட்டரியின் உண்மையான ஆபத்து வேறு. கேமரா நன்றாக இருக்கும்போதே கம்பெனி பேட்டரி தயாரிப்பை நிறுத்திவிடலாம். மலிவான மாற்று பேட்டரியை வாங்கினால் கேமரா மறுக்கலாம். 2009-ல் பானசோனிக் தன் சில மாடல்களின் மென்பொருளை மாற்றி மற்ற கம்பெனி பேட்டரிகளை ஏற்காதபடி செய்தது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. போலி பேட்டரி சூடேறும், உப்பும் என்பதும் உண்மைதான். ஆகவே கேமரா வாங்கும்போதே அதன் பேட்டரிக்கு எத்தனை உறவினர்கள் என்று பாருங்கள். எல்பி-இ6 குடும்பமும், நிக்கானின் 2010-ஆம் ஆண்டு இஎன்-இஎல்15 குடும்பமும் பல தலைமுறைக் கேமராக்களில் தொடர்கின்றன. வேறு கம்பெனி பேட்டரிதான் வாங்குவீர்கள் என்றால் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் பழைய ஏஏ கேமரா இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். இன்றும் செல் கிடைக்கும் என்பதே அதன் பெருமை. ஒரு எச்சரிக்கை: ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று 14500 என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதைப் போட்டால் கேமரா கருகிவிடலாம்.

குளிர் ஊருக்குப் போகிறவர்களுக்கு ரும்பக் வழிகாட்டிகளின் பாடம் எளிமையானது. குறைந்தது மூன்று பேட்டரி. ஒன்று கேமராவில், இரண்டு சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில். இரவில் அவை உங்கள் ரஜாய்க்குள் தூங்கட்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரிக்கு சார்ஜ் போடக்கூடாது. உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். அடுப்பு எரியும் அறைக்கு வந்து, பேட்டரி அறைச் சூட்டுக்குத் திரும்பிய பிறகே கேபிளைச் செருகுங்கள். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. 1998-லேயே பெண்கள் அமைப்பின் முயற்சியால் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கண்ட ஊர் லே. ஆனால் பயணிகள் விட்டுச்செல்லும் செத்த செல்லுக்கு ரும்பக்கிலும் ஹன்லேயிலும் போக்கிடம் இல்லை. ஓடையோரம் துருப்பிடித்துக் கசிகிற அந்தச் செல் கலக்கும் தண்ணீரைத்தான் கிராமம் குடிக்கிறது. பார்லி வயலும் குடிக்கிறது. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. அவர்கள் வசம் அது சேர வேண்டுமானால் முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். சொந்த பேட்டரியோ பென்சில் செல்லோ, முழுதாக ஏற்றிச் சென்றதைக் காலியாகவும் கீழே கொண்டுவருவது சுலபம்தான். அப்போது எடைகூடக் கூடியிருக்காது.