கோலக் கையும் பாத்தேக் துணியும்

அம்பாங்கில் ரயிலேறி, சான் சோவ் லின்னில் எம்.ஆர்.டி.க்கு மாறுங்கள், இரண்டாவது நிலையம் கொன்லே. அருகிலேயே கோலாலம்பூர் கைவினை வளாகம். விடுமுறையில் பிள்ளைகளோடு சென்று பாத்தேக் வரைவதைப் பாருங்கள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. 'சாந்திங்' என்னும் சிறு செம்புக் கிண்ணத்தின் மூக்கு வழியே உருகிய மெழுகு கோடாக இறங்கும். கை தயங்கினால் சொட்டிவிடும். கோட்டில் இம்மி இடைவெளி விட்டாலும் சாயம் அடுத்த இதழில் பாய்ந்துவிடும்.

அதனால் முதலில் தாளில் பழகவேண்டும்: பென்சிலை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் ஒரு பூ, ஒரு கொடி. சிக்குக் கோலமிடும் நம் பெண்களுக்கு இது புதிதா என்ன? புள்ளிகளைச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடு அவர்கள் கையில் இருக்கிறதே! வாசலில் அன்றே அழியும் அக்கோடு துணியில் நிலைக்கும். இன்றே மகளிடம் தாளைக் கொடுங்கள்.