முதல் கையெழுத்து

நகரசபைக் கூட்டத்துக்கு நான் போனது சண்டை போடுவதற்காக. இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சுபாவத்தில் நான் சண்டைக்காரன் அல்ல. தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். கோபம் வந்தால் அதையும் முத்திரை மீது குத்தித் தீர்த்துக்கொண்டவன். ஆனால் 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் வந்த வீட்டு வரிச் செய்தி என்னையும் வீரனாக்கி விட்டது. அறுநூறு சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. அதற்கு மேல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். என் வீடு 1,100 சதுர அடி. அரையாண்டுக்கு 1,240 ரூபாய் கட்டி வந்தவன் இனி 1,860 ரூபாய் கட்ட வேண்டும்!

"இதைக் கேட்பாரே கிடையாதா?" என்று பத்திரிகையைத் தூக்கிப் போட்டேன்.

"கேட்பதற்குத்தானே போன பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்? அங்கே போய்க் கேளுங்களேன். என்னிடம் கத்தி என்ன பிரயோஜனம்?" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது நியாயம். ஊரில் நகரசபை என்று ஒன்று மறுபடி வந்ததே அப்போதுதான். 2016-ம் வருஷம் அக்டோபரில் பழைய அங்கத்தினர்களின் பதவிக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் தேர்தலே நடக்காமல் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று. அதிகாரிகளே சகலமும். 2022 பிப்ரவரி 19-ந் தேதி நடந்த தேர்தலில்தான் கௌன்சிலர்கள் வந்தார்கள். சென்னைப் பட்டணத்தார் இதற்குச் சிரிக்கக்கூடும். அவர்களுடைய மாநகராட்சி 1688-ல் பிறந்தது, இந்தியாவிலேயே மூத்தது. அப்படிப்பட்டதே 1973-ல் கலைக்கப்பட்டு, 1996 வரையில் தேர்தல் காணாமல் கிடந்தது. பாட்டிக்கே அந்தக் கதி என்றால், பேத்தி எம்மாத்திரம்?

இந்த இடத்தில் இன்னொரு சமாசாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. கூடத்துக்குள் வந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாணப் புடவைகளை நனைத்தது. தெருக் கோடியில் ஓடும் வாய்க்கால்தான் காரணம் என்று தெருக்காரர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதன் கரையில் முப்பத்தெட்டுக் குடிசைகள். "ஆக்கிரமிப்புகளை அகற்றி வாய்க்காலை மீட்க வேண்டும்" என்று ஒரு மனு தயாராயிற்று. எழுதியவன் நான். என் தமிழ் நன்றாக இருக்கும் என்பது தெருவில் பிரசித்தம். முதல் கையெழுத்தும் என்னுடையதே. ஆணையாளரிடம் கொடுத்தோம். மனு கும்பகர்ணனைப் போல் தூங்கிற்று. நானும் அதை மறந்து போனேன்.

மே மாதக் கூட்டத்தில் வரிப் பிரச்னை வருகிறது என்று அறிந்து, பேச வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் இருந்த சிப்பந்தி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பார்வையாளர் பேசக்கூடாதுங்க ஐயா. பார்க்கலாம், கேட்கலாம்" என்றார். என் வீரம் அங்கேயே பாதி இறங்கிற்று. பின்வரிசை பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் யார் என்று திரும்பினால், எங்கள் பூக்காரம்மா!

இருபது வருஷமாகத் தினம் சாயங்காலம் என் வீட்டு வாசலில் "அம்மா, பூ!" என்று குரல் கொடுப்பவர். என் பெண்ணின் கல்யாணத்துக்கு மாலை கட்டித் தந்தவர். அன்று பூக்கூடை இல்லாமல் வெறுங்கையுடன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்கேம்மா இங்கே?" என்றேன்.

"எங்க வூட்டுப் பேச்சு இன்னிக்கி வருதாம் சாமி. கௌன்சிலர் அம்மா வந்து கேளுன்னு சொல்லிச்சு" என்றார்.

எந்த வீடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்து விட்டது.

முதலில் வரி. அங்கத்தினர்களில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் மேஜையைத் தட்டினார். ஒருவர் அஜெண்டாக் காகிதத்தைக் கிழித்தார். என் மனத்தில் இருந்ததையெல்லாம் அவர்களே சொன்னதால் எனக்குப் பரம திருப்தி. பிறகு ஆணையாளர் எழுந்து விளக்கம் சொன்னார். எங்கள் ஊரில் கடைசியாக வரி திருத்தியது 2008-ல். பதினான்கு வருஷத்தில் விளக்குமாற்றின் விலைகூட எவ்வளவோ ஏறி விட்டது, வரி ஏறவில்லை. இது மட்டுமல்ல. மத்திய அரசாங்கத்தின் பதினைந்தாவது நிதிக் கமிஷன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயித்து, வசூலையும் வருஷா வருஷம் வளர்த்துக் காட்டினால்தான் நகரங்களுக்கு மானியம். காட்டாவிட்டால் பணம் வராது.

"அப்படியானால் நாங்கள் இங்கே விவாதிப்பது எதற்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

நல்ல கேள்வி. 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றித் தீர்மானம் கொண்டுவந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி. 1993-ல் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தம், நகரசபைகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று பதினெட்டு வேலைகளைப் பட்டியல் போட்டது. பட்டியல் பெரிது, பை சிறிது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவைதான் சொந்த வரும்படி. பாக்கிக்கு மாநிலம், மத்தி என்று இரண்டு வாசலிலும் நிற்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: சமையல் முழுவதும் மனைவியின் பொறுப்பு, மளிகைப் பணம் மட்டும் என் சட்டைப் பையில். அவள் சமைப்பது ருசியாக இல்லை என்று நான் குறை சொன்னால் எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயம் நகரசபையை மட்டும் திட்டுவது.

சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். தேநீர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வரித் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த பொருள்: "வாய்க்கால் கரை ஆக்கிரமிப்பு அகற்றல். பொதுமக்கள் மனு."

எனக்குச் சுரீர் என்றது. குமாஸ்தா எழுந்து மனுவைக் கணீரென்று வாசித்தார். "நகரின் முகத்தில் கரும்புள்ளியாய் விளங்கும் குடிசைகள்" என்ற வாசகம் வந்தது. அந்த வாசகத்தை எழுதிய அன்று நானே அதை இரண்டு தரம் படித்து ரசித்தவன். இப்போது பக்கத்தில் பூக்காரம்மா கைகளைக் கோத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரும்புள்ளின்னா என்னா சாமி?" என்று மெல்ல என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. குமாஸ்தா கையெழுத்துகளை வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயர் என்னுடையது, கதவு இலக்கத்துடன்.

பூக்காரம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சற்று நகர்ந்து, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். என் மேல் பட்டுவிடக் கூடாது என்பதைப் போல.

இருபது வருஷத்தில் ஒரு நாளாவது, "உங்கள் வீடு எங்கேம்மா?" என்று நான் கேட்டதில்லை.

ஓர் அங்கத்தினர், ஊருக்கு வெளியே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி அடுக்கு வீடுகள் காலியாக இருக்கின்றன, அங்கே அனுப்பிவிடலாம் என்றார். கைதட்டல் எழுந்தது. அப்போது அந்த வார்டின் பெண் கௌன்சிலர் எழுந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். நகரசபைகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்ததே, அதன் பலனாக முதல் தடவை வந்தவர். குரல் சற்று நடுங்கிற்று, கணக்கு நடுங்கவில்லை.

"தலைவர் அவர்களே! பூ மார்க்கெட் விடியற்காலம் நாலு மணிக்கு. பதினான்கு கிலோமீட்டரிலிருந்து முதல் பஸ் ஆறு மணிக்கு. இந்த முப்பத்தெட்டுக் குடும்பத்தில் பூ விற்கிறவர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் துப்புரவு வேலைக்கு வருகிறவர்களும்தான் அதிகம். நம் குப்பையை அள்ளுகிறவர்களைக் கண்காணாத இடத்தில் வைத்துவிட்டு, குப்பை அள்ள ஆள் வரவில்லை என்று அடுத்த மாதம் இங்கேயே நாம் பேசுவோம். சென்னையில் ஆற்றங்கரைக்காரர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளிக்கூடமும் பின்னாலேயே போகவில்லை. அதைப் பார்த்துமா நாம் பாடம் படிக்கவில்லை?"

பிறகு பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் அடைத்த இடம் எது?"

பொறியாளர் தயங்கினார். கோப்பைப் புரட்டினார். குடிசைகளுக்குக் கீழே, கடைவீதியில் இருக்கும் சின்னப் பாலத்தின் அடியில்தான் பிரதான அடைப்பு என்று சொன்னார். பல வருஷத்து வண்டல். அதன் மேலேயே நீட்டிக் கட்டிய கடைப் படிகள் வேறு. குடிசைகளிலும் ஏழெட்டு, நீரோட்டத்தில் நீண்டிருப்பது வாஸ்தவம். அவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் முப்பத்தெட்டையும் எடுத்தாலும் பாலத்தின் அடைப்பு அப்படியே இருக்கும்.

சபை சற்று நேரம் மௌனமாக இருந்தது. கடைவீதியில் படிகள் யாருடையவை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் மனுவில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது எனக்கும் தெரிந்தே இருந்தது.

வீட்டுக்கு மாற்று இடம் எங்கே என்ற பேச்சு வந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. தெரு நகரசபையுடையது. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. காலிப் புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையுடையது. வீடு கட்டித் தருவது, 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் காரியம். ஒரு பூக்காரம்மா குடியிருக்க நாலு இலாகா கூடிப் பேச வேண்டும். அவர் கூடை வைக்கத் தேவையான இடமோ நாலு சதுர அடி!

இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் தீர்மானத்தைத் திருத்தினார்கள். முதலில் பாலத்தைத் தூர் வாரி, படிகளை இடிப்பது. நீரோட்டத்தில் இருக்கும் குடிசைகளுக்கு ஊருக்குள்ளேயே இடம் பார்த்த பிறகு மாற்றுவது. அதற்காகத் தாசில்தாருக்கு எழுதுவது. பணம்? புதிதாக வசூலாகும் வீட்டு வரியிலிருந்து பாலத்துக்கு ஒதுக்கலாம் என்றார் ஆணையாளர். என் 620 ரூபாய்!

சின்னக் காசில் பெரிய காரியம் நடந்ததும் நம் நாட்டில் உண்டு. 1920-ல் தியாகராய செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியான்னச் சாப்பாடு போடுவது என்று தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்று கணக்கு. பணத்தைக் காரணம் காட்டி மேலிடத்தார் ஆட்சேபிக்க, 1925-ல் அது நின்று போயிற்று. ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. பிறகு நாடு முழுவதற்குமே சோறு போட்டது. அன்றைக்கும் யாராவது ஒரு வரிகொடுப்போன் அந்த ஓர் அணாவுக்காக முணுமுணுத்திருப்பான். என் ஜாதிக்காரன்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஏறிய வரி நாள் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. அதற்கு அரை முழம் பூ வாங்க முடியாது.

அன்று மாலை பூக்காரம்மா வருவாரா என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததை மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "புடவை நனைந்தது காய்ந்து போயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

ஆறரை மணிக்கு வழக்கமான குரல் கேட்டது. "அம்மா, பூ!"

நான் எழுந்து நின்றேன். "அந்த மனு... நான்தான் எழுதினேன், அம்மா. யோசிக்காமல் எழுதிவிட்டேன்" என்றேன்.

அவர் பூவை முழம் போட்டபடியே சொன்னார்: "உங்க வூட்டுல தண்ணி பூந்துச்சு, எழுதினீங்க. எங்க வூட்டுலயும்தான் பூந்துச்சு சாமி. எங்களுக்கு எழுதத் தெரியல."

அன்றிரவு உட்கார்ந்து இன்னொரு மனு எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லை. முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் ஊருக்குள் இடம் வேண்டும். வாய்க்காலும் பிழைக்க வேண்டும், மனிதரும் பிழைக்க வேண்டும் என்று இரண்டே பக்கம். தெருவில் பாதிப்பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்தை நான் போடவில்லை. பூக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் தமக்குத் தெரிந்த மூன்று எழுத்தை நிதானமாக எழுதிவிட்டு, பேனாவைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

பாலத்தைத் தூர் வாரி விட்டார்கள். அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் கணுக்காலோடு நின்றது. வீட்டு மனை விஷயம் தாலுகா ஆபீசுக்கும் நகரசபைக்கும் நடையாய் நடந்துகொண்டிருக்கிறது. அதனுடன் நானும் நடக்கிறேன். மாதந்தோறும் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறேன். பார்வையாளர் பேசக்கூடாதுதான். ஆனால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், பேசுகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்த்துப் பேசுகிறார்கள்.

அரையாண்டு வரி 1,860 ரூபாயையும் கட்டிவிட்டேன். முணுமுணுக்காமல் கட்டினேன் என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள். கொஞ்சமாக முணுமுணுத்தேன்.