சிவகாசி காலண்டரில் கோல்ட்ப்ளே!

“ஏய்... இன்னிக்கு என்ன சொல்லுது பஞ்சாங்கம்?”

2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாசங்களில் எங்க லேடீஸ் ஹாஸ்டல் மூணாவது மாடி கடைசி ரூம் வாசலில், யாராவது ஒருத்தி வந்து நின்று இப்படிக் கேட்காத சாயங்காலமே கிடையாது. கல்யாணத்துக்கு நாள் குறிக்க இல்லீங்க. கோல்ட்ப்ளே எப்போ இந்தியா வருது, எந்த ஊருக்கு வருது என்று கேட்கத்தான்!

பஞ்சாங்கம் என்பது என் ரூம்மேட். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட். சொந்த ஊர் சிவகாசி. அப்பா காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. ஊரே டிசம்பர் கடைசியில் மளிகைக் கடை வாசலில் “அண்ணே, காலண்டர்” என்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எங்க ரூமுக்கோ அடுத்த வருஷம் ஆகஸ்டிலேயே வந்துவிடும். சிவகாசியில் ஆடி 18 அன்றைக்கே புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அவ அப்பா கொண்டுவரும் சாம்பிளில் ஒன்று எங்க ஆணிக்கு. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் போட்ட பக்கா தினசரி காலண்டர். அதில்தான் அவ பென்சிலால் வட்டம் போடுவாள்.

கோல்ட்ப்ளே பற்றித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1990-களில் லண்டனில் காலேஜ் படிக்கும்போது சந்தித்துக்கொண்ட நாலு பேர் ஆரம்பித்த பேண்ட். (நாமும்தான் ஹாஸ்டலில் நாலு பேர் சந்திக்கிறோம். மெஸ் கமிட்டியோடு முடிந்துவிடுகிறது.) 2016 நவம்பர் 19 அன்று மும்பையில் ஒரு விழாவில் வாசித்தார்கள். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போய் சரியாகப் பதினோராவது நாள். அங்கே கிறிஸ் மார்ட்டினும் நம்ம ஏ.ஆர்.ரஹ்மானும் ஒரே மேடையில் நின்ற வீடியோவைத்தான் ஸ்கூல் படிக்கும்போது நான் முதலில் பார்த்தேன். ரஹ்மானுக்காகப் பார்க்கப் போய் மற்றவரிடம் மாட்டிக்கொண்டேன்.

அதுக்கப்புறம் அந்தப் பக்கமிருந்து நோ சத்தம். 2022 மார்ச்சில் கோஸ்டா ரிக்காவில் கிளம்பிய ‘மியூசிக் ஆஃப் தி ஸ்பியர்ஸ்’ டூர், 2023 நவம்பரில் ஆசியாவுக்கு வந்தது. டோக்கியோ, ஜகார்த்தா, கோலாலம்பூர். 2024 ஜனவரியில் மணிலா, சிங்கப்பூர், பிப்ரவரியில் பாங்காக். சிங்கப்பூரில் மட்டும் ஆறு ராத்திரி! மேப்பில் நம்மைச் சுற்றி வட்டமடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கோலாலம்பூர் வரைக்கும் வந்த மனுஷனுக்குச் சென்னை தெரியாதா? அப்போ நாங்க ஃபர்ஸ்ட் இயர். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் பஞ்சாங்கத்தின் ஆராய்ச்சி.

அவ கெஸ் பண்ண மாட்டாள். கணக்குப் போடுவாள். பழைய தேதிகளை எல்லாம் ஒரு கிராஃப் ஷீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். நவம்பர் 12 தைவான் முடிந்து 15 ஜகார்த்தா. 15 முடிந்து 18 பெர்த். 19 முடிந்து 22 கோலாலம்பூர். ஜனவரி 20 மணிலா, 23 சிங்கப்பூர். 31 சிங்கப்பூர், பிப்ரவரி 3 பாங்காக்.

“என்ன தெரியுது?”

“லூசுன்னு தெரியுது.”

“மூணு நாள்டி! ஊர் மாற எப்பவும் மூணு நாள்!”

ஸ்டேஜைக் கழட்டி, ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்ட மூணு நாள். (டோக்கியோவிலிருந்து தைவான் போக மட்டும் நாலு. அது ‘எக்ஸ்பெரிமென்டல் எரர்’ என்று தள்ளிவிட்டாள். லேபில் நாம் எல்லோரும் செய்கிறதுதானே.) 2024-ல் ஆஸ்திரேலியா முடித்து, நியூசிலாந்து ஆக்லாந்தில் நவம்பர் 16 கடைசி ஷோ என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். பதினாறும் மூணும் பத்தொன்பது. நவம்பர் 19. 2016-ல் மும்பையில் வாசித்த அதே தேதி!

இதைக் கண்டுபிடித்த ராத்திரி நாங்க ரெண்டு பேரும் கத்தின கத்தில் வார்டன் மேடம் மேலே ஏறி வந்துவிட்டார். பாம்பு என்று நினைத்தாராம்.

அங்கிருந்து செய்தி பரவி எங்க ரூம் ஜோசிய நிலையம் ஆனது. ஆளாளுக்கு ஒரு துப்பு கொண்டுவருவார்கள். ஐ.டி. படிக்கிற ஒருத்தியின் அண்ணனுக்கு சவுண்டு கம்பெனியில் ஃப்ரெண்டு. ஒரு சீனியருக்கு ஹோட்டலில் வேலை பார்க்கிற மாமா, “ஒரு ஃப்ளோர் முழுக்க பிளாக் பண்ணியிருக்காங்க, பேர் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றாராம். பேர் சொல்லாமல் யார் ரூம் எடுத்தாலும் அது கிறிஸ் மார்ட்டின்தான் என்று நம்புகிற நிலையில் இருந்தோம். நவம்பர் 19-க்கு இரண்டரை மாசம்கூட இல்லை, இன்னும் டிக்கெட் பேச்சே இல்லை என்று ஆனபோது பஞ்சாங்கம் அலட்டிக்கொள்ளாமல் 2025 காலண்டரைப் பிரித்தாள். மழை முடிந்திருக்கணும், ஐபிஎல் ஆரம்பித்திருக்கக் கூடாது, வெயில் வந்திருக்கக் கூடாது. அப்போ ஜனவரிதான். சனிக்கிழமைதான். 4, 11, 18, 25 நாலுக்கும் வட்டம்.

அடுத்தது ஊர். கிரிக்கெட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு இரக்கமே இல்லாமல் அடித்துத் தள்ளினாள். இங்கிலாந்து டீம் வருது. ஜனவரி 22 கொல்கத்தா டி20, ஈடன் கார்டன்ஸ் அவுட். 25 சேப்பாக்கம், அவுட். நான் நேரு ஸ்டேடியத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். பாவம் பார்த்து ஒரு கேள்விக்குறி போட்டாள். அகமதாபாத்தில் பிப்ரவரி 12 ஒருநாள் மேட்ச். “அதுக்கு முன்னாடி அந்தப் புல்லு மேல ஒரு லட்சம் பேரை ஏத்துவாங்களா? சான்ஸே இல்ல” என்று அதையும் அடித்தாள். மேட்ச் எதுவும் மாட்டாமல் மிஞ்சியது நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம்.

செப்டம்பர் 19 அறிவிப்பு வந்தது. ஜனவரி 18, 19. நவி மும்பை, டி.ஒய்.பாட்டீல்!

பஞ்சாங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு காரிடார் முழுக்கச் சுற்றினோம். அவ ஜெயித்த கடைசி நாள் அதுதான் என்று அப்போ தெரியலை.

டிக்கெட் 2,500-ல் ஆரம்பித்து 35,000 வரை. விற்பனை செப்டம்பர் 22, ஞாயிறு மதியம் 12 மணிக்கு. காலண்டரைப் பார்த்த பஞ்சாங்கம் அலறினாள், “ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி... எமகண்டம்டி!” அன்றைக்கு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கிடைத்தால் ரெண்டு. கிடைக்காவிட்டால் ரெண்டு பேருக்குமே இல்லை. பன்னிரண்டு அடித்தது. எனக்கு வரிசையில் ஆறு லட்சத்துச் சொச்சமாவது இடம். அவளுக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம். ஒரு கோடிப் பேருக்கு மேல் முட்டிமோதினதாக அப்புறம் செய்தி வந்தது. கூட்டத்தைப் பார்த்து அன்றைக்கே 21-ம் தேதி மூணாவது ஷோவைச் சேர்த்தார்கள். அதுவும் எங்க கைக்கு வரலை. சாயங்காலம் மெஸ்ஸில் பூரி. யாரும் ரெண்டாவது தடவை வாங்கலை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மும்பை செம்பூரிலிருந்து அத்தை பொண்ணு, என் அக்கா, போன் பண்ணினாள். மூணாவது ஷோவுக்கு அவளுக்கு ரெண்டு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஒன்று அவளுக்கு. “இன்னொண்ணு இருக்கு, வர்றியா?”

“வர்றேன்க்கா” என்றேன். ஒரு செகண்ட் யோசித்திருக்கலாம். யோசிக்கலை.

பஞ்சாங்கத்திடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். நாளைக்கு இன்டர்னல் வந்தது. அப்புறம் தீபாவளி வந்தது. செமஸ்டர் வந்தது. ஒரே ரூமில் ரெண்டு கட்டிலுக்கு நடுவே மூணடி இடைவெளி. அந்த மூணடியைத் தாண்டி ஒரு வரி சொல்ல எனக்கு நாலு மாசம் போதலை.

இன்னொன்றையும் நான் கவனிக்கலை. தேதி வந்த பிறகு எங்க ரூமுக்கு யாரும் வருவதில்லை. டிக்கெட் கிடைத்த மூணு பேர் வேற மாடியில் ரயில், லாட்ஜ் என்று தனி குரூப் ஆகிவிட்டார்கள். கிடைக்காதவர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தேதி தெரியாதவரைக்கும் எல்லோருக்கும் பஞ்சாங்கம் தேவைப்பட்டாள். நவம்பர் 13 அன்று அகமதாபாத் ஷோ ஜனவரி 25 என்று அறிவிப்பு வந்தபோது மட்டும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்து, “என்ன பஞ்சாங்கம், புல்லு வளரலையா?” என்று கலாய்த்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன். அவ பதில் சொல்லாமல், அடித்து வைத்திருந்த அகமதாபாத்தை ரப்பரால் அழித்தாள். காகிதம் கிழிந்ததுதான் மிச்சம்.

அவ வட்டம் போட்ட நாலு சனிக்கிழமைகளில் மூணு பலித்துவிட்டது என்பதை யாருமே சொல்லலை. 11 அபுதாபி, 18 மும்பை, 25 அகமதாபாத்.

பொங்கல் முடிந்து ஹாஸ்டல் வந்ததும் லீவ் லெட்டர் எழுதினேன். ‘19 முதல் 23 வரை, அத்தை வீட்டு விசேஷம்.’ வீட்டிலும் அத்தையைப் பார்க்கப் போவதாகத்தான் பேச்சு. மேஜையில் இருந்த லெட்டரைப் பஞ்சாங்கம் எடுத்துப் படித்தாள். காலண்டரைப் பார்த்தாள்.

“மும்பை அத்தைதானே?”

“ம்...”

“19 கிளம்பினா 20 போய்ச் சேருவ. 22 கிளம்பினா 23 இங்க. நடுவுல முழுசா ஒரு நாள்தான். 21. செவ்வாய்க்கிழமை.” கொஞ்சம் நிறுத்தினாள். “செவ்வாய்க்கிழமை எந்த வீட்லடி விசேஷம் வைப்பாங்க?”

அறிவிக்காத தேதியைக் கண்டுபிடிப்பதுதானே அவ வேலை.

அழுவாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “எப்போ கிடைச்சுது?” என்று மட்டும் கேட்டாள். அன்னிக்கு ராத்திரியே என்றேன். “நாலு மாசம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டிக்கெட்டைக் கொடுத்துடறேன், நீ போ என்று சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லலை. உண்மையை எழுத வேண்டும் என்றால் இதையும்தானே எழுத வேண்டும்.

19-ம் தேதி காலையில் நான் பையைத் தூக்கும்போதுதான் அடுத்த வார்த்தை. “ஸ்டேஜைக் கழட்ட எத்தனை நாள் ஆகும்னு அங்க யார்கிட்டயாவது கேட்டுட்டு வா. எனக்கு அபுதாபி 14, மும்பை 18 இடிக்குது. நாலு நாள் வருது.”

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயில் நேராக நேருள் போகிறது. பெட்டி முழுக்க ஜிகினா ஒட்டின முகங்கள். ஷோ பற்றி நிறைய எழுதலாம், ஆனால் போனவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கையில் கட்டின பட்டை ‘யெல்லோ’ பாட்டுக்கு மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் அக்கா கையில், எதிர் கேலரியில், ஸ்டேடியம் முழுக்க மஞ்சள். நான் பிறப்பதற்கு முன்னாடி, 2000-த்தில் வந்த பாட்டு. அழுதேன். எதுக்காக அழுதேன் என்று சரியாகச் சொல்லத் தெரியலை. வெளியே வரும்போது ஒரு செக்யூரிட்டி அண்ணனிடம் ஸ்டேஜ் கழட்ட எத்தனை நாள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். “சலோ, சலோ” என்றார்.

அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செடியிலிருந்து எடுத்த பொருளில் செய்தது, அடுத்த ஊருக்கு மறுபடி போகும். எந்த ஊர்க்காரர்கள் எத்தனை சதவீதம் திருப்பித் தந்தார்கள் என்று டூரில் கணக்கே வைத்திருக்கிறார்கள். நான் சுடிதார் கைக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

23-ம் தேதி அதைப் பஞ்சாங்கம் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எரியலையே?”

“அங்கிருந்து சிக்னல் கொடுத்தாதான் எரியும்.”

“திருப்பிக் கொடுக்கணுமேடி இதை?”

“உனக்காகத்தான்...”

“மும்பை பர்சன்டேஜைக் குறைச்சுட்டு வந்திருக்கே, அறிவிருக்கா?” அப்படித்தான் திட்டினாள். நாலு மாசத்துக்கும் சேர்த்துத் திட்டுகிற மாதிரி இருந்தது. திட்டி முடித்து, பட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

26-ம் தேதி அகமதாபாத் கடைசி ஷோவை ஹாட்ஸ்டாரில் லைவ் போட்டார்கள். காமன் ரூம் டிவி முன்னால் அறுபது பேர். வார்டன் மேடம்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கேமரா மேலே போகும்போதெல்லாம் அந்தப் பெரிய மைதானம் முழுக்க மின்மினிப் பூச்சி மாதிரி வெளிச்சம். பஞ்சாங்கம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது என் காதில் சொன்னாள்.

“அடுத்த ஷோ ஹாங்காங், ஏப்ரல் 8. நடுவுல 71 நாள் சும்மா கிடக்குடி.”

“அதுக்கு?”

“நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டேன்ல... அதை இன்னும் அழிக்கலை.”

முன் வரிசையில் இருந்த ஐ.டி. பொண்ணு திரும்பிப் பார்த்தாள். “என்ன... என்ன சொல்லுது பஞ்சாங்கம்?”