மைக்கை எங்கே வைப்பது?

பாட்டைப் பதிவு செய்யும்போது மைக்கை வாய்க்கு நேரே நாலு விரல் தூரத்தில் வைத்தால் இரண்டு தொல்லை. 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி 'பொத்' என்று கேட்கும். கார்டியாய்டு வகை மைக்காக இருந்தால், கிட்டே போகப் போக அடிக்குரல் பெருத்துவிடும். ரொம்பத் தள்ளி வைத்தாலோ, சுவரின் எதிரொலி குரலை மூடிவிடும்.

எங்கள் அம்மா பாடிய தாலாட்டுகள் இப்போது 81 வயது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் அவற்றைப் பதிவு செய்ய என் பேரன் மைக்கோடு வந்தான்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், வாய்க்கு முன் காகிதத்தைப் பிடித்து 'ப' சொல்லச் சொல்வார்கள். காகிதம் ஆடக்கூடாது, பிரெஞ்சு 'ப'வில் மூச்சை ஊதக்கூடாது. அதேபோல் அக்காவின் முன் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் தள்ளி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் அது அசையவில்லை. மைக்கை அங்கே நிறுத்தி, அதன் தலையை அவர் வாய்ப் பக்கம் திருப்பினோம். மின்விசிறியை அணைத்தோம், அக்காவுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டோம்.

அடிகளுக்கு நடுவே அக்கா மூச்சு வாங்குவதும் பதிவாகியிருக்கிறது. "கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம் தாத்தா" என்றான் பேரன். வேண்டாம் என்றேன். அம்மாவும் அந்த இடங்களில்தான் மூச்சு வாங்குவார்.