இப்ப ஸ்டார்ட் ஆகுதே

முழுசாகச் செத்துப்போன என்ஜின் ஒரு வகையில் நேர்மையானது. இன்றைக்கும் ஓடாது, நாளைக்கும் ஓடாது, மெக்கானிக் வந்து நின்றாலும் ஓடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றாவது தெரியும். பத்து தடவையில் எட்டு தடவை சமர்த்தாக ஓடிவிட்டு, ரெண்டு தடவை மட்டும் வாயை மூடிக்கொள்ளும் என்ஜின் இருக்கிறதே, அது வேறு ஜாதி. பயணத்தைக் கெடுப்பதோடு நிற்காது. "ஓடலை" என்று சொன்ன ஆளின் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

எங்களிடம் ஒரு பழைய படகு இருக்கிறது. 19 அடி நீளம், நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், செகண்ட் ஹேண்ட். கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆறும் சான் வாக்கின் ஆறும் சேரும் டெல்டாவில் சனிக்கிழமைகளில் ஓட்டுவோம். டெல்டா என்றதும் தஞ்சாவூர் வயல் ஞாபகம் வரலாம். இங்கே கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டாக்டன் துறைமுகத்துக்குப் போகிற பெரிய சரக்குக் கப்பல்களும் இதே ஆற்றில்தான் வரும். கோடையில் பிற்பகலானால் மேற்கிலிருந்து பலமாகக் காற்று அடிக்கும். அந்த நேரத்தில் என்ஜின் ஓடாவிட்டால், காற்று உங்களைக் கல்லில் கொண்டுபோய் மோதும். இல்லையென்றால் கப்பல் வரும் தடத்தில் நிறுத்தும். படகில் எங்கள் ஆறு வயது மகளும் இருப்பாள்.

படகை அதிகம் ஓட்டுவது என் மனைவிதான். சாவியைத் திருப்புவாள், டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியும், என்ஜின் பக்கம் மூச்சே இருக்காது. ஒரு 'டக்' சத்தம்கூட வராது. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டோம். மூன்று நாள் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தார்களாம், எல்லா தடவையும் ஓடியதாம். பில்லில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது. மெக்கானிக் என்னைப் பார்த்து, "லீவரை நியூட்ரல்ல வச்சுட்டுத்தான் சாவியைத் திருப்புறாங்களா?" என்று கேட்டார். அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வாக்கியத்தை நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் பாஷையில் இதன் பெயர் 'கேனாட் ரீப்ரொட்யூஸ்'. ஒருவர் பிரச்சினையைச் சொல்வார். நாம் நம் மேஜையில், நம் வசதிப்படி, நாலு தடவை ஓட்டிப் பார்ப்போம். வராது. டிக்கெட்டை மூடிவிடுவோம். நாம் பார்த்தபோது வரவில்லை என்பதுதான் நமக்குத் தெரிந்த உண்மை. எழுதி வைப்பதோ 'பிரச்சினை இல்லை' என்று. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு மனிதர் பொய்யராகிவிடுகிறார்.

பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்த மாதிரிப் பிழைக்கு 'ஹைசன்பக்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கணினித் துறையில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. டாண்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்தபோது 1985-இல் எழுதிய கட்டுரையில், நன்றாகச் சோதிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் மிச்சம் இருக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான் என்றார். மறுபடி முயன்றால் போய்விடும். ஆகவே காரணம் தெரியாவிட்டாலும் மறுபடி முயலும்படி அமைப்பைக் கட்டு என்பது அவர் வழி. இன்று வங்கி சர்வர்கள் முதல் உங்கள் போன் ஆப் வரைக்கும் ரீட்ரை என்ற சமாச்சாரம் இல்லாமல் நடக்காது. 1998-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

நம் வீடுகளிலும் ரீட்ரை உண்டு. அப்பாவின் பழைய ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி உதைத்த தலைமுறை நாம். ஆனால் அது தெருமுனை. உதைத்து ஓடவில்லையென்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். தண்ணீரில் தள்ளுவதற்குத் தரை கிடையாது. ஜிம் கிரே 2007 ஜனவரி 28 அன்று அம்மாவின் அஸ்தியைக் கரைக்க சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. கடலோரக் காவல் படை தேடியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களை அலசினார்கள். ஒரு துண்டுப் பலகைகூடக் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்து நான் எந்தப் பாடமும் எடுக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சொல்லை உபயோகிக்கும்போதெல்லாம் அந்தப் படகு ஞாபகம் வரும்.

மனைவி ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். மெக்கானிக் கேட்ட கேள்விக்கு அவள் அங்கே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்தாள். தேதி, மணி, வெயில், எவ்வளவு நேரம் ஓடியது, நிறுத்தி எத்தனை நிமிஷம் ஆனது, ஓடியதா இல்லையா. ஐந்து சனிக்கிழமைகள் எழுதியதும் கோலம் தெரிந்தது. காலையில் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. நல்ல வெயிலில் அரை மணி நேரம் ஓடி, நிறுத்தி, இருபது நிமிஷம் கழித்துத் திருப்பினால்தான் மௌனம்.

"சூடுதான்பா. அதுவும் ஓடும்போது இல்ல, நிறுத்தின பிறகு," என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். ஓடும்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய் என்ஜினைக் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் தண்ணீர் நின்றுவிடும். என்ஜினுக்குள் இருக்கும் சூடு மெதுவாக வெளியே பரவும். ஆக, என்ஜின் அறையில் உள்ள மற்ற பாகங்களுக்கு, நிறுத்திய பிறகுதான் உச்சி வெயில். அங்கே ஸ்டார்ட்டரை இயக்கும் சின்ன ரிலே ஒன்று இருக்கிறது. உள்ளே தாமிரச் சுருள். தாமிரம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்தடை கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். அதனால் சுருளின் பிடி தளரும். ஆரோக்கியமான சர்க்யூட் அதைத் தாங்கும். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் சர்க்யூட் தாங்காது. வொர்க்‌ஷாப்பில் தினமும் காலைக் குளிரில் சோதித்தார்கள். ஓடத்தானே செய்யும்!

படகுத்துறையில் ஒரு பெரியவர், ஸ்க்ரூடிரைவரை ரிலேயின் ரெண்டு முனையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். காரில் பலர் செய்வதுதான். படகில் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிவயிற்றில் தங்கிவிடும். அங்கே ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் சாவியைத் திருப்பும் முன் நாலு நிமிஷம் புளோயரை ஓட்டச் சொல்கிறார்கள்.

நாங்கள் நங்கூரத்தைப் போட்டோம், மூடியைத் திறந்தோம், புளோயரை ஓட்டினோம். அவள் சாவியைத் திருப்பியபடி பிடித்துக்கொள்ள, நான் மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட். ரிலேக்கு வந்து சேர்ந்தது 8. நடுவில் நாலரை வோல்ட் எங்கே போச்சு? இதை வயரைக் கழற்றி வைத்துப் பார்த்தால் தெரியாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் கொசுவுக்குச் சமம். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு 12.5 காட்டும். பாரம் ஏற்றி நிற்கும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினோம். டேஷ்போர்டுக்குப் போகும்போது 2 வோல்ட் காணோம். சாவி ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் ரெண்டையும் தாண்டியதில் வெறும் 0.3. அதாவது மெக்கானிக் சந்தேகப்பட்ட நியூட்ரல் சுத்தம். திரும்பி வரும்போது இன்னும் 2.2 காணோம். போகும்போதும் வரும்போதும் வயர்கள் கடக்கிற இடம் ஒன்றுதான்: என்ஜினுக்கு மேலே இருக்கும் உருண்டையான பிளக். அதைப் பிரித்தால் உள்ளே பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு. "புளி போட்டுத் தேச்சிரலாமா?" என்று சிரித்தாள். தேய்க்கவில்லை, பிளக்கையே மாற்றினோம்.

மாற்றிய பிறகு ஓடியது. ஆனால் ஓடியது என்பதை வைத்து என்ன சொல்ல முடியும்? இந்த என்ஜின் எட்டு தடவை ஓடும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே. அதனால் அடுத்த சனிக்கிழமை அதே வெயிலில் அரை மணி ஓட்டி, நிறுத்தி, இருபது நிமிஷம் காத்திருந்து, மறுபடி அளந்தோம். நாலரை வோல்ட் இழப்பு 0.6 ஆகியிருந்தது. "இனிமே வராது" என்று சொல்ல அந்த எண்தான் ஆதாரம்.

என் மனைவி சொன்னதை நான் முதல் நாளிலிருந்தே நம்பினேன். அது பெரிய விஷயம் இல்லை; வீட்டுக்குள் நம்புவது சுலபம். வெளியே ஒருவர் நம்ப வேண்டுமென்றால் அவளுக்கு ஐந்து சனிக்கிழமையும் ஒரு நோட்டும் ஒரு மீட்டரும் தேவைப்பட்டன. எல்லோரிடமும் அவ்வளவு இருக்காது. அலுவலகத்தில் இப்போது 'கேனாட் ரீப்ரொட்யூஸ்' என்று ஒரு டிக்கெட் என் கண்ணில் பட்டால், எழுதியவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?"