ஞாயிறுதோறும் ஓடிய மோட்டார்

பெங்களூருவின் கிழக்குப் புறத்தில் எங்கள் மகன் கட்டிய வீட்டில் சிறியதொரு நீச்சல் குளம் உண்டு. அவனுக்கு வெளிநாட்டில் வேலை. குளத்துக்குக் காவல் நாங்கள் இருவரும். படித்துறையிலிருந்து ஊர்க்குளத்தில் குதித்து வளர்ந்த எங்களுக்கு, தண்ணீருக்கு இத்தனை உபசாரம் வேண்டும் என்பது இங்கு வந்த பிறகே தெரிந்தது. நாள்தோறும் எட்டு மணி நேரமாவது மோட்டார் ஓடி, நீரை மணல் வடிகட்டியின் வழியே சுழற்ற வேண்டும். குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு இருக்க வேண்டும். வெயிலோ அந்தக் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். கோடையில் சில நாட்கள் அயர்ந்தால் நீர் பச்சை பூத்துவிடும்.

இவற்றையெல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர் கவனித்துவந்தார். பிறகு மகன் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினான். வீட்டு வைஃபை வழியாக உத்தரவு பெற்று, காலை ஒன்பது மணிக்கு மோட்டாரை ஓட்டி மாலை ஐந்து மணிக்கு நிறுத்துவது அதன் வேலை. அதனால் அவருடைய வேலை காலையில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று, சம்பளத்தையும் பாதியாக்கினோம். "சரிங்க ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் மோட்டார் அறைக்கு இரும்புத் தகட்டுக் கதவு போட்டோம். பேரக் குழந்தைகள் விடுமுறைக்கு வரும்போது குளோரின் டப்பாக்கள் அவர்கள் கைக்கு எட்டக் கூடாதல்லவா? கதவைச் சாத்தாமல் போகக் கூடாது, மோட்டார் விசையில் கைவைக்கக் கூடாது என்று அவருக்கு இரண்டு கட்டளைகள் இட்டோம்.

கருவி பெரும்பாலான நாட்களில் ஓடவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று மகனுடைய கைப்பேசியில் செய்தி வரும். நடுநிசியில் அவன் விழித்துக்கொண்டு எங்களை அழைப்பான். நாங்கள் போய் விசையைப் போடுவோம். ரவுட்டரை அணைத்து ஏற்றினோம், புதியதும் வாங்கினோம். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தன. கருவிக்கு முதலாவது மட்டுமே புரியும் என்பதால் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்தோம். பயனில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தடங்கலும் இராது! ஞாயிறு அவருக்கு விடுமுறை.

இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று நாங்கள் எண்ணியதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் கும்பகோணம் போய்த் திரும்பியபோது குளம் பாசி நிறமாகக் கிடந்தது. மறுநாள் குழந்தைகள் வருகிறார்கள். மூன்று ஆண்டுகளாக "நீங்கள்" என்று அழைத்துவந்த மனிதரை அன்று "நீ" என்று அழைத்தோம். "கருவியில் கைவைத்தது நீதானே?" என்று கேட்டேவிட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். அந்த மௌனத்தையும் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, காலை வேளையில், தொழில்நுட்பம் அறிந்த இளைஞர் ஒருவர் வந்தார். மோட்டார் அறைக்குள் நின்று கைப்பேசியில் வைஃபை வலிமையை அளந்தார்: மைனஸ் 68. போதும் என்றார். அந்நேரம் உள்ளே வந்த நம் கிருஷ்ணகிரிக்காரர், பழக்க தோஷத்தால் தமக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். எண் மைனஸ் 88க்கு இறங்கிற்று. "திறங்க அண்ணே." ஏறிற்று. "சாத்துங்க." இறங்கிற்று.

அந்த அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். செங்கற்சுவரில் அது சற்றே களைத்தாலும் கடந்துவிடும். இரும்புத் தகட்டில் பட்டால் திரும்பிவிடும். எங்கள் மோட்டார் அறையோ பாதி மண்ணுக்குள் புதைந்தது, கம்பி கட்டிய கான்கிரீட் கூரை கொண்டது. அலைக்கு இருந்த வழி அந்த வாசல் ஒன்றே. ஞாயிறுகளில் நீரைச் சோதிக்கப் போகும் நாங்கள், குளோரின் நெடி தாளாமல் கதவை அகலத் திறந்துவைத்து, மாலை வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். மற்ற ஆறு நாளும் அவர் எங்கள் சொற்படி கதவைச் சாத்திவிட்டு எட்டு மணிக்குப் போய்விடுவார். ஒன்பது மணி உத்தரவு கதவில் முட்டி நின்றுவிடும்.

இளைஞர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலிருந்து மோட்டார் அறைக்கு இருபத்திரண்டு மீட்டர். இத்தகைய கம்பி நூறு மீட்டர் வரை தாங்குமாம். மின்கம்பியிலிருந்து விலக்கி, பி.வி.சி. குழாய்க்குள் அதைக் கொண்டுபோய், அறைக்குள்ளேயே சிறிய வைஃபை பெட்டி ஒன்றை வைத்தோம். தொடர்பு அற்றாலும் மோட்டார் ஓடும்படி நேர அட்டவணையைக் கருவியின் நினைவிலேயே பதித்தாயிற்று. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

குழாய்க்குப் பள்ளம் தோண்டியவரும் அவர்தான். கடப்பாரையைச் சாய்த்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, "தப்பு எங்கள் மேல்தான்" என்றோம். "கதவைச் சாத்தச் சொன்னீங்க, சாத்தினேன்" என்றார். பழைய சம்பளத்தையே தந்தோம். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் எட்டு மணிக்கு வேலை முடிந்தாலும் அவர் போவதில்லை. ஒன்பது அடித்து மோட்டார் உறுமும் வரை திண்ணையில் காத்திருக்கிறார். பிறகு, "ஐயா, அம்மா, ஓடுது, வந்து பாத்துக்குங்க" என்று எங்களை அழைத்துக் காட்டிவிட்டே கிளம்புகிறார்.